எஞ்சின் நின்றால் விமானம் கல்லாகிவிடாது

எஞ்சின் நின்றதும் சிறு விமானம் "கல்லைப் போல விழத் தொடங்கியது" என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. அப்படி விழாது. செஸ்னா 172 என்ற சிறு விமானம் எஞ்சின் இல்லாமலே, ஓர் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய 9 அடி முன்னே போகும். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு மேல் 3,000 அடியில் எஞ்சின் நின்றால், எதிர்க்காற்று இல்லாவிட்டால் 8 கிலோமீற்றர் வரை கையில் இருக்கிறது.

முதல் வேலை மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பது. வேகம் போனால்தான் சிறகு தூக்குவதை நிறுத்தும், ஆபத்து அங்கேதான். அப்புறம் இடம் தேடல், எரிபொருள் வால்வு, காபரேற்றருக்கு (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பாகம்) சூடு, ரேடியோ எல்லாம். ஈரக்காற்றில் காபரேற்றருக்குள் பனி பிடிப்பது எங்கள் வெயிலிலும் நடக்கும், சொன்னால் யார் நம்புவார்கள்!

இடம்தான் இங்கே சிக்கல். வலிகாமத்துத் தோட்டங்கள் மேலிருந்து பார்க்கச் சமதரை, கிட்டப் போனால் கிணறு, மதில், மின்கம்பி, பனை. அறுவடை முடிந்த தென்மராட்சி வயல் பரவாயில்லை. மாரியில் அதே வயலின் சேறு சில்லைப் பிடித்துக் கவிழ்த்துவிடும்.

பலாலியில் கடற்பக்கமாகக் கிளம்பிய கையோடு நின்றால்? ஓடுபாதைக்குத் திரும்ப ஆசை வரும். அந்த உயரத்தில் திருப்பினால் வேகம் போய்விடும். பயிற்சியில் சொல்லித் தருவது நேரே கடலில் இறக்கத்தான்.