தொட்டால் ரிங் போக வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்

எங்கள் தாலுகா ஆபீஸ் இணையப் பக்கத்தில் போன் நம்பர் இருக்கும் லட்சணத்தைக் காட்டி நேற்று நான் போட்ட ஸ்கிரீன்ஷாட்டுக்கு வந்த கமெண்ட்களில் பாதி, "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்றுதான் இருந்தது. ஆமாம், பிரச்சினைதான். வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் எந்த நிலையில் கிடக்கிறது என்று கேட்க அந்தப் பக்கத்தில் ஒரு போன் நம்பர் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் படமாக இருக்கிறது. தொட்டால் டயல் ஆகாது, அழுத்திப் பிடித்தால் காப்பி ஆகாது, பெரிதாக்கினால் மங்கிவிடும். பார்வையற்றவரின் போன் அதை வாசித்துச் சொல்லவும் செய்யாது. போதாததற்கு நம்பருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு வெறும் இரண்டு இலக்கம். கடைசி இரண்டை எடுத்துவிட்டு இதைப் போட்டால் இன்னொரு நம்பர் என்பது லேண்ட்லைன் காலத்து ஆட்களுக்குப் புரியும், இருபது வயதுப் பெண்ணுக்கு? எத்தனை மணிக்கு அழைத்தால் எடுப்பார்கள் என்று ஒரு வரி கிடையாது. ஃபேக்ஸ் நம்பர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது!

மின்னஞ்சல் அதற்கு மேல். @ குறிக்குப் பதில் சதுர அடைப்புக்குறிக்குள் 'அட்', புள்ளிக்குப் பதில் இன்னொன்றில் 'டாட்'. ஸ்பேம் வராமல் இருக்கவாம். முகவரி பொறுக்குகிற புரோகிராமுக்கு அதை மாற்றிப் படிக்க ஒரு வரி கோட் போதும், சிக்குவது எங்கள் அத்தை மாதிரி ஆட்கள்தான். மாமா போன பிறகு எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நிற்கிறவர். அடைப்புக்குறியோடு அப்படியே தட்டி, முகவரி தவறு என்று வந்ததும், "நமக்கு இங்கிலீஷ் சரியா வரலடா, அதான் போகல" என்றார். அந்த மனுஷி மேல் என்ன தப்பு? எனக்கு இன்னும் ஆறவில்லை.

"அதிகாரிகளுக்குப் பிரைவசி வேண்டாமா?" என்கிறார் ஒருவர். அவர்கள் சொந்த நம்பரை யார் கேட்டது சார்? பதவிக்கென்று ஆபீஸே கொடுக்கிற செல்போன் நம்பர், சியுஜி நம்பர் என்பார்கள், அது இருக்கிறது. அதிகாரிகள், ஊழியர்கள் விவரப் பட்டியலைத் துறையே வெளியிட வேண்டும் என்று 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்கிறது. "எல்லாரும் போன் போட்டால் வேலை எப்படி நடக்கும்?" சரி, ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும். போனில் முடிகிற கேள்விக்கு அரை நாள் கூலியை விட்டுவிட்டு நேரில் வந்து வரிசையில் நின்றால் மட்டும் வேலை நடக்குமா?

பிரிட்டன் அரசுத் தளத்தில் நம்பருக்குக் கீழேயே கிழமையும் நேரமும், கட்டணம் எவ்வளவு என்று பார்க்க ஒரு லிங்க்கும் இருக்கும். லண்டன் கதை வேண்டாம் என்பீர்கள், சரி. ஆதாருக்கு 1947, சுதந்திரம் வாங்கின வருஷம், யாருக்கு மறக்கும்? முதல்வரின் உதவி மையம் 1100. கரண்ட் புகாருக்கான மின்னகம் 94987 94987, அதே ஐந்து இலக்கம் இரண்டு தடவை. ஆக, செய்யத் தெரியாமல் இல்லை. தொட்டால் டயல் ஆகிற லிங்க்குக்கு அரை வரி எச்டிஎம்எல் போதும். அதைக்கூடப் போடவில்லை என்றால், நாம் கூப்பிடவே கூடாது என்றுதானே அர்த்தம்? மிகையாகப் பேசுகிறேன் என்று தோன்றினால் தோன்றட்டும்.

ஏனென்றால் அதே ஆபீஸுக்கு எதிர்ச்சுவரில் புரோக்கர் தன் நம்பரை ஆள் உயரத்துக்கு மஞ்சள் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார். வாட்ஸ்அப்பும் உண்டு, ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பார். அத்தையின் போனில் 'தாலுகா ஆபீஸ்' என்று சேவ் ஆகியிருப்பது அவர் நம்பர்தான். இதற்கும் சிரிப்பு எமோஜி போடுகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள்.