ஆறு மாசம் தூங்கிட்டா இருந்தாங்க?

நேற்று எல்லோரும் பகிர்ந்த அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கணவரைச் சாலை விபத்தில் இழந்த அந்தப் பெண்ணின் இழப்பீட்டு மனு, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போடவில்லை, காலங்கடந்தது என்று திரும்பி வந்த கதைதான். காணொளியில் வரும் வக்கீல் ஐயா சிரித்துக்கொண்டே கேட்கிறார்: "ஆறு மாசம் தூங்கிட்டா இருந்தாங்க?"

தூங்கவில்லை ஐயா. வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

2017-இல் என் அண்ணன் மீது லாரி மோதியது. ஐசியூ, வார்டு, மறுபடி ஐசியூ. நான்காவது மாதம் போய்விட்டார். அதுவரை எங்கள் தலையில் ஓடியதெல்லாம் ரத்தம், பணம், அடுத்த ஸ்கேன். அந்த நேரத்தில் கேஸ் என்று யாராவது வாயெடுத்திருந்தால் அண்ணி அடித்தே இருப்பார். அப்புறம் இறப்புச் சான்றிதழ். அதில் அப்பா பெயரில் எழுத்துப் பிழை. (பிழை செய்தது அவர்கள், அலைந்தது நாங்கள்.) வாரிசுச் சான்றிதழ், எஃப்ஐஆர் நகல், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, லாரியின் இன்சூரன்ஸ் விவரம். மனு போட்டபோது எட்டாவது மாதம். அன்று இந்த ஆறு மாதக் கெடு இல்லை, அதனால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வாங்கிக்கொண்டது. இன்றைய சட்டம் அன்றே இருந்திருந்தால் எங்களைப் பார்த்தும் இந்த வக்கீல் சிரித்திருப்பார்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருந்தது. தகுந்த காரணம் சொன்னால் பன்னிரண்டு மாதம் வரை ஏற்கலாம். 1994-இல் அந்தக் கெடுவையே எடுத்துவிட்டார்கள். 2019 திருத்தம் திரும்பக் கொண்டுவந்து, 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. இந்த முறை தாமதத்தை மன்னிக்கும் அந்த ஒரு வரிகூடக் கிடையாது. அதுவும் விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம், இறந்த நாளிலிருந்து அல்ல! அண்ணன் மூச்சுக்குப் போராடிய நாளெல்லாம் கணக்கில் ஓடியிருக்கும்.

"போலி கேஸ் போடுகிறார்களே" என்பீர்கள். போடுகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போலி ஆசாமி ஐந்தாம் மாதமே எல்லாக் காகிதத்தோடும் வந்து நிற்பான். கெடுவில் மாட்டுவது அழுதுகொண்டிருந்தவர்கள்தான்.

"போலீஸே மூன்று மாதத்தில் தீர்ப்பாயத்துக்கு அறிக்கை அனுப்பும், அதையே மனுவாக எடுத்துக்கொள்வார்கள்." சரி, அனுப்பும். நம்பிவிட்டேன்.

"உச்ச நீதிமன்றம்தான் தடுத்துவிட்டதே" என்று அடுத்து ஒருவர் வருவார். காலங்கடந்தது என்று மனுக்களைத் தள்ளக் கூடாது என 2025 நவம்பரில் சொன்னது உண்மை, நல்லது. ஆனால் அது இடைக்கால உத்தரவு, இறுதித் தீர்ப்பு அல்ல. அது வருவதற்குள் அந்தப் பெண்ணின் மனு திரும்பியாகிவிட்டது.

டிவி பழுதென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் தருகிறார்கள். ரயில் விபத்துக்கு ஒரு வருடம், காரணம் சொன்னால் அதற்கு மேலும். சாலையில் செத்தவன் என்ன பாவம் செய்தான்?

அண்ணி அந்த எட்டு மாதமும் மாத்திரை போட்டுத்தான் தூங்கினார். காணொளியை அவருக்கும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். இரவு போன் செய்து, "நாம லேட்டாதான் போட்டோமா தம்பி?" என்று கேட்டார்.

"சட்டம்னா சட்டம்தான்" என்று கீழே எழுத வருபவர்கள் தாராளமாக எழுதுங்கள். இன்று நான் பதில் சொல்வதாக இல்லை.