ஒழுங்காகக் கணக்குக் கொடுத்தவன் ஏமாளியா?

டெக்சாஸில் மளிகைக் கடை, பெட்ரோல் நிலையம், இட்லி மாவு வியாபாரம் என்று நடத்தும் நம்மவர்கள் பலருக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். 2024 டிசம்பரை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

கறுப்புப் பணத்தைப் பதுக்குவதைத் தடுக்க, நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்பதை அமெரிக்கக் கருவூலத் துறையில் நிதிக் குற்றங்களைக் கவனிக்கும் ஃபின்சென் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அப்போது ஒரு சட்டம் கட்டாயப்படுத்தியது. பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமத்தின் படம். பழைய நிறுவனங்களுக்குக் கெடு 2025 ஜனவரி 1. வேண்டுமென்றே தவறினால் நாளொன்றுக்கு 591 டாலர் வரை அபராதம், சிறைக்கும் இடமிருந்தது.

டிசம்பர் 3 அன்று டெக்சாஸ் நீதிபதி ஒருவர் இந்தச் சட்டத்தை அமல்படுத்த நாடு முழுவதும் தடை விதித்தார். 23ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. 26ஆம் தேதி அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வால் தடை திரும்ப வந்தது; வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறியது. நடுவில் கிறிஸ்துமஸ் வேறு! ஜனவரி 23இல் உச்ச நீதிமன்றம் தடையை விலக்கியது; அப்போதும் இன்னொரு டெக்சாஸ் வழக்கின் உத்தரவு குறுக்கே நின்றது. "அனுப்பலாமா, வேண்டாமா?" என்று கேட்டவர்களுக்குக் காலையில் ஒரு பதில், மாலையில் ஒரு பதில் சொன்னேன்.

கடைசியில் மார்ச் மாதம் கருவூலத் துறையே இடைக்கால விதி கொண்டுவந்து, அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நிறுவனங்கள் அனைத்துக்கும் விலக்களித்துவிட்டது. பயந்துபோய் முதல் ஆளாக விவரம் கொடுத்தவர்கள் விழித்தார்கள். இதைக் கண்டுகொள்ளாமலே இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் இந்தச் சட்டத்துக்கு எதிரி அல்ல. இருபது பேருக்கு மேல் முழுநேர ஊழியர்களும் 50 லட்சம் டாலருக்கு மேல் வருவாயும் உள்ள நிறுவனத்துக்குத் தொடக்கத்திலிருந்தே விலக்கு உண்டு. "பெரியவனை விட்டுவிட்டு எங்களைப் பிடிக்கிறார்களே" என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள். கொதிப்பு நியாயம்தான். ஆனால் கறுப்புப் பணத்தைப் பதுக்கத் தொடங்கும் பெயரளவு நிறுவனத்தில் ஊழியர் ஏது? வலை சிறிய நிறுவனங்கள் மீது விழுந்ததற்குக் காரணம் அதுதான்.

என் கோபம் வேறு. 2021 ஜனவரி 1 அன்று, அதிபர் டிரம்பின் மறுப்பையும் மீறி நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இது. பிடிக்கவில்லை என்றால் நாடாளுமன்றமே ரத்து செய்யட்டும். சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, துறை விதியால் அதன் உள்ளீட்டை உருவிவிடுவது என்ன முறை? நாளை வேறோர் அரசு வந்து விதியை மாற்றினால் கடைக்காரர் மறுபடியும் என்னிடம்தான் ஓடிவருவார்.

அதனால் திரட்டிய ஆவணங்களை யாரும் தூக்கி எறியாதீர்கள். பங்குதாரர் மாறினால் அதையும் எழுதிவையுங்கள்.