டிவியின் முகத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் முதுகைப் பாருங்கள்

பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் மாதிரி கேம் கன்சோலுக்கு டிவி வாங்கப் போகிறவர்களின் பேச்சு முழுக்க எந்த வகைத் திரை, ஓலெட்டா, க்யூலெட்டா, மினி எல்ஈடியா என்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. என் கட்சி வேறு. டிவியைத் திருப்பச் சொல்லி, எச்டிஎம்ஐ போர்ட்களுக்குப் பக்கத்தில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். '4கே 120 ஹெர்ட்ஸ்' (4கே படத்தை நொடிக்கு 120 முறை காட்டுவது) எத்தனை போர்ட்டில் இருக்கிறது, 'ஈஆர்க்' (டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு ஒலி போகும் வழி) எந்தப் போர்ட்டில் இருக்கிறது? இந்த இரண்டும் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும்.

நான்கு போர்ட் இருக்கும் பல மாடல்களில் 4கே 120 ஏற்பது இரண்டுதான். அந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் ஈஆர்க் போர்ட்டும். வீட்டில் இரண்டு கன்சோலும் ஒரு சவுண்ட்பாரும் இருந்தால் கணக்கு உதைக்கும்: சவுண்ட்பார் ஒரு போர்ட்டைப் பிடித்துக்கொள்ள, மிச்சமிருக்கும் ஒன்றுக்கு இரண்டு கன்சோலும் அடித்துக்கொள்ளும். கன்சோலை சவுண்ட்பாரில் செருகி அங்கிருந்து டிவிக்கு விடலாமே என்றால், சவுண்ட்பாரின் இன்புட் நொடிக்கு 18 ஜிகாபிட் மட்டும் கடத்தும் பழைய வகையாக இருந்தால் 4கே 120 அங்கேயே செத்துவிடும். கன்சோல் நேராக டிவிக்கு, ஒலி மட்டும் ஈஆர்க் வழியாக சவுண்ட்பாருக்கு. இதுதான் தொல்லையில்லாத வழி.

பெட்டியில் 'எச்டிஎம்ஐ 2.1' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். 2017இல் வந்த அந்த விதிமுறையில் 4கே 120, விஆர்ஆர் (கேமின் ஃபிரேம் வேகத்துக்கேற்ப திரையின் வேகமும் மாறுவது), ஏஎல்எல்எம் (டிவி தானாகக் கேம் மோடுக்கு மாறுவது) எல்லாமே விருப்ப அம்சங்கள். ஒன்றிரண்டை மட்டும் வைத்துவிட்டுக்கூட 2.1 என்று போட்டுக்கொள்ளலாம். அதனால் ஒவ்வொரு அம்சத்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு பக்கம், '48 ஜிகாபிட் இல்லாவிட்டால் வேஸ்ட்' என்பவர்களையும் கண்டுகொள்ள வேண்டாம். பிஎஸ்5 அனுப்புவதே அதிகபட்சம் 32 ஜிகாபிட், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 40. டிவியில் 40 இருந்தால் தாராளம்.

அடுத்த பொறி '120' என்ற எண். 'மோஷன் ரேட் 120' என்பது விளம்பரக் கணக்கு; உள்ளே 60 ஹெர்ட்ஸ் பேனல்தான் இருக்கும். இதைவிட நைசான ஒன்றும் உண்டு, டிஎல்ஜி. 60 ஹெர்ட்ஸ் பேனலில் இரண்டிரண்டு வரிகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் வரைந்து 120 காட்டுவார்கள். வேகம் கிடைக்கும், செங்குத்துத் தெளிவு பாதியாகிவிடும். '120 ஹெர்ட்ஸ், 1080பியில் மட்டும்' என்று சின்ன எழுத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். பார்க்க வேண்டியது, பேனல் உண்மையில் நொடிக்கு எத்தனை முறை படம் மாற்றும் என்று சொல்லும் 'நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட்' என்ற வரியை.

'120 ஃபிரேமில் ஓடும் கேம் எத்தனை இருக்கிறது, எனக்கெதற்கு 120 பேனல்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பெரிய லாபம் 120இல் இல்லை, 40இல் இருக்கிறது. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு படம் 33.3 மில்லிசெகண்ட் திரையில் நிற்கும். 60 என்றால் 16.7. இரண்டுக்கும் நட்டநடு 25, அதாவது 40 ஃபிரேம். எண்ணில் 30க்குப் பக்கத்தில் தெரிந்தாலும், கைக்குப் பாதி வழி வந்துவிட்ட வித்தியாசம். 60 ஹெர்ட்ஸ் திரையில் 40ஐச் சீராகக் காட்ட முடியாது, 60ஐ 40 வகுக்காது. 120 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு படமும் சரியாக மூன்று முறை. 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' 2021இல் இந்த மோடைக் கொடுத்தது, பிறகு வேறு பல கேம்களும் பிடித்துக்கொண்டன. கிராஃபிக்ஸையும் விட மனமில்லை, 30இன் இழுவையையும் சகிக்க முடியவில்லை என்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

144 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அது பிசிக்கு. கன்சோல்கள் 120இல் நின்றுவிடும். 8கே பற்றிப் பேசவே வேண்டாம். நிண்டெண்டோவின் பழைய ஸ்விட்ச் மட்டும்தான் வைத்திருக்கிறீர்களா? டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கி) போட்டாலும் அது 1080பி 60தான்; கேம் மோடில் லேக் (தாமதம்) குறைவாக உள்ள நல்ல 60 ஹெர்ட்ஸ் டிவி போதும்.

லேக் என்றதும் ஒரு குழப்பம். ரெஸ்பான்ஸ் டைம் வேறு, இன்புட் லேக் வேறு. முன்னது ஒரு பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம். பின்னது சிக்னல் டிவிக்குள் வந்து படமாக வெளிவரும் நேரம். பட்டனை அழுத்திய பிறகு ஆள் குதிக்கத் தாமதித்தால் குற்றவாளி பின்னதுதான். கேம் மோடில் நல்ல டிவி 60 ஹெர்ட்ஸில் 10 மில்லிசெகண்ட் பக்கம், 120இல் 5 பக்கம் காட்டும். அதே டிவியை சினிமா மோடில் விட்டால் 50, 100 என்று ஏறும், ஏனென்றால் மோஷன் ஸ்மூத்திங் அடுத்த படம் வரும்வரை காத்திருந்து இடைப்படம் செய்கிறது. ஏஎல்எல்எம் இருந்தால் கன்சோலைப் போட்டதும் கேம் மோட் தானாக வந்துவிடும்.

சரி, பேனல். விளக்கை அணைத்துவிட்டு ஆடுகிறவர்களுக்கு ஓலெட்தான், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதன் குணங்களைத் தெரிந்து வாங்குங்கள். பிக்சல் உடனே மாறிவிடுவதால் 30 ஃபிரேம் கேம்களில் கேமராவைத் திருப்பும்போது படம் வெட்டி வெட்டி நகரும். விஆர்ஆர் போட்டால் இருட்டுக் காட்சிகளில் லேசாக மினுமினுக்கலாம். ஒரே கேமை தினமும் மணிக்கணக்கில் ஆடினால் ஓரத்து ஹெல்த் பாரும் மினி மேப்பும் நாளடைவில் திரையில் தழும்பாகலாம். வாரண்டி பர்ன்-இன்னை ஏற்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். பகல் வெளிச்சம் கொட்டும் அறைக்கு மினி எல்ஈடி. அதிலும் கேம் மோடில் லோக்கல் டிம்மிங் (இருட்டான பகுதிகளில் மட்டும் பின்விளக்கை மங்கவைப்பது) மந்தமாகும் மாடல்கள் உண்டு, எனவே கேம் மோடிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு: மூலைவிட்டத்தை 1.2ஆல் பெருக்கினால் கிட்ட உட்காரும் தூரம், 1.6ஆல் பெருக்கினால் எட்ட உட்காரும் தூரம். 55 இஞ்சுக்கு 1.7 முதல் 2.2 மீட்டர்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை போர்ட்டைத் திறந்துவிடுவது. பல டிவிகளில் போர்ட் முழு வேகத்துக்கு விடப்பட்டிருக்காது. எல்ஜியில் 'எச்டிஎம்ஐ டீப் கலர்', சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', சோனியில் 'எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மேட்' என்று தேடுங்கள். பிறகு எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கூடுதல் வீச்சு காட்டும் படமுறை. டிவியில் எச்ஜிஐஜி (ஒளியை டிவி தன்னிஷ்டத்துக்கு மாற்றாமல் கன்சோலின் கணக்கையே ஏற்கும் அமைப்பு) இருந்தால் முதலில் அதைப் போட்டுவிட்டு, பிஎஸ்5இன் 'அட்ஜஸ்ட் எச்டிஆர்' திரைக்குப் போங்கள். முதல் இரண்டு திரைகளில் அங்கே காட்டும் சின்னம் தெரிந்தும் தெரியாமலும் ஆகும்வரை ஏற்றுங்கள். டைனமிக் டோன் மேப்பிங் (காட்சிக்குக் காட்சி டிவியே ஒளியை மாற்றுவது) ஓடிக்கொண்டிருந்தால் சின்னம் மறைய வேண்டிய இடத்தில் மறையாது. டிவி ஒளியை அமுக்கிக் காட்டுவதால் கன்சோலுக்குத் தவறான கணக்கு போய்விடும். வானம் வெளுத்து மேகமே இல்லாமல் தெரிவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

கடைசியாக, எக்ஸ்பாக்ஸில் 'டிவி அண்ட் டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸ்' உள்ளே '4கே டிவி டீட்டெயில்ஸ்', பிஎஸ்5இல் 'வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன்'. டிவி எதை ஏற்கிறது என்று கன்சோலே சொல்லிவிடும். 4கே 120 இல்லை என்று வந்தால் போர்ட்டை மாற்றிப் பாருங்கள், பிறகு கேபிளை. ஆடும்போது நொடி நேரம் திரை இருண்டு மீள்வதும், வெள்ளைப் புள்ளிகள் தெறிப்பதும் பெரும்பாலும் கேபிள் கோளாறு. கன்சோலோடு பெட்டியில் வந்த கேபிளே போதும். நீளம் பற்றாவிட்டால் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' சான்று லேபிள் உள்ளதாக, 3 மீட்டருக்குள் வாங்குங்கள். இதையெல்லாம் ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் பார்த்துவிடுங்கள், அதுவரை அட்டைப்பெட்டியைக் கிழிக்காமல் வையுங்கள்.