மொட்டை மாடி யாருடையது?

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளில் சூரிய மின்தகடு பொருத்த வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த மின்சாரம் யார் கணக்கில் வரவு வைக்கப்படும் என்பதைச் சொல்லாத திட்டத்தை நான் நம்ப மாட்டேன்.

2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம், 3 கிலோவாட் பொருத்துபவருக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அந்த மானியம் பெரும்பாலும் சொந்தக் கூரை உள்ளவருக்குத்தான் பொருந்தும். கோவையில் உக்கடத்திலும் கீரணத்தத்திலும் உள்ள வாரிய அடுக்குமாடிகளிலோ மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் சேர்த்து ஒரே மொட்டை மாடிதான். 400 சதுர அடி வீடுகள் நான்கு ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தால், வீட்டுக்கு 100 சதுர அடி கூரை கிடைக்கும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய அவ்வளவு இடம் வேண்டும். கருப்புச் சின்டெக்ஸ் தொட்டிகள், அவற்றின் நிழல், துணிக்கொடி, வடகம் காயும் மூலை எல்லாம் போக அரை கிலோவாட் மிஞ்சினாலே பெரிது. அது நாளுக்கு 2 யூனிட் வீதம் இரண்டு மாதத்தில் 120 யூனிட் தரும். முதல் 100 யூனிட்டை அரசு ஏற்கெனவே இலவசமாகத் தருகிற வீட்டுக்கு இதனால் பெரிய லாபமில்லை.

உண்மையான சுமை பொது இணைப்பில் இருக்கிறது. தண்ணீர் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் அந்த 100 யூனிட் சலுகை கிடையாது. கட்டணத்துக்காக வீடு வீடாக வசூலுக்குப் போகிறவரிடம், "நாங்க ரெண்டு மாசமா ஊர்லயே இல்லீங்களே" என்று ஒரு வீட்டிலாவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். மோட்டாரைப் பகலில் ஓட்டிக்கொள்ளலாம் என்பதால் பேட்டரியும் வேண்டாம். பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் வரை குடியிருப்புச் சங்கங்களுக்கு மானியம் உண்டு என்பது எத்தனை சங்கங்களுக்குத் தெரியும்?

பங்கிட்டுக்கொள்வது நம் பகுதிக்குப் புதிதல்ல. உடுமலைப் பக்கம் சுற்றும் காற்றாலையின் மின்சாரம் வேறெங்கோ இருக்கும் மில்லின் கட்டணத்தில் கழிகிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து 26 சதவீத உரிமையை வைத்துக்கொண்டு, உற்பத்தியில் 51 சதவீதத்தைத் தாமே பயன்படுத்தினால் அது சொந்த உற்பத்தி என்று 2005-ஆம் ஆண்டின் மின்சார விதிகளே ஏற்கின்றன. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-லேயே 350 கிலோவாட் காற்றாலையை வாங்கி, மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. ஒரே தகட்டுத் தொகுப்பின் உற்பத்தியைப் பல வீட்டு மீட்டர்களில் பிரித்து வரவு வைக்க டெல்லியில் 2019 முதலே வழிமுறை இருக்கிறது. மில்லுக்குக் கழித்துக் கொடுக்கத் தெரிந்த கணக்கு, இரண்டாவது மாடியில் இருக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு மட்டும் எப்படிச் சிக்கலாகிவிடும்?

பராமரிப்பையும் இப்போதே பேசிவிட வேண்டும். ஆடிக் காற்றில் தகடுகளில் புழுதி அப்பும்; போர் தண்ணீரில் கழுவினால் உப்பு வெள்ளையாகப் படியும். (சிறுவாணித் தண்ணீரைத் தகடு கழுவத் தாருங்கள் என்று கேட்டால் அடிக்க வருவார்கள்.) இன்வெர்ட்டர் பழுதானால் பொறுப்பு குடியிருப்பைக் கட்டிய வாரியத்துக்கா, ஒப்பந்தக்காரருக்கா, சங்கத்துக்கா என்பது முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். மோட்டார் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கைச் சங்கக் கணக்கில் தனியே போட்டுவைத்தால், அந்தச் செலவுக்கு மறுபடியும் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியிருக்காது.