கடிகார வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது

சர்க்யூட் பலகை பற்றி, “கடிகாரம் 10 மெகாஹெர்ட்ஸ்தான், இம்பீடன்ஸ் பொருத்தமெல்லாம் கிகாஹெர்ட்ஸ்காரர்களின் கவலை” என்று தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். (இம்பீடன்ஸ் பொருத்தம் என்றால், அனுப்பும் சிப்பின் எதிர்ப்பும், சிக்னல் போகும் செம்புத் தடம் அதற்குக் காட்டும் எதிர்ப்பும் ஒத்திருப்பது.) தப்பு தம்பி. நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதைவிட, ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு சடாரென்று ஏறுகிறது என்பதுதான் கணக்கு. இன்றைய சிப்கள் பல, மெதுவான கடிகாரத்திலும் 1 நானோநொடியில் ஏறிவிடும். அந்த நேரத்தில் எஃப்ஆர்4 என்ற வழக்கமான கண்ணாடியிழைப் பலகையில் சிக்னல் சுமார் 15 செ.மீ. போகும். அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 2.5 செ.மீ. அளவைத் தடத்தின் நீளம் தாண்டினாலே எதிரொலியை, அதாவது முனையில் மோதித் திரும்பி வரும் சிக்னலை, கவனிக்க வேண்டும். அதற்குள் என்றால் சரி, நீங்கள் சொன்னபடி விட்டுவிடலாம்.

மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள என் பட்டறைக்கு ஓர் இன்வெர்ட்டர் பலகை வந்தது. கடிகாரம் 8 மெகாஹெர்ட்ஸ், தடம் 20 செ.மீ. எதிரொலியால் துடிப்பின் ஒரே ஏற்றத்தை இரண்டாக எண்ணிக்கொண்டிருந்தது. (என் பழைய 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் (சிக்னலின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) அது தெரியவே இல்லை, இரண்டு நாள் வீண்.) தடம் 50 ஓம், சிப்பின் உள் எதிர்ப்பு 17 ஓம் வாக்கில், இரண்டும் ஒத்துப்போக 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டதும் அடங்கிவிட்டது. அப்புறம், அந்த ரெசிஸ்டரை, சிக்னல் அனுப்பும் சிப்பின் காலருகே போடுங்கள், வாங்கும் முனையில் அல்ல.