"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

எந்த வகுப்பறையைக் கடந்து போனாலும் இந்தச் சத்தம்தான். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்!" உடனே அடுத்த கணக்கு. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் எந்தப் பிள்ளை எழுந்து நின்று எனக்குப் புரியவில்லை என்று சொல்லும்? சொன்னால், "இவ்வளவு நேரம் எங்கே பார்த்துக்கிட்டிருந்தே?" என்று திட்டுதான் விழும்.

நேற்று ஆறாவது படிக்கிற என் மகளின் கணக்கு நோட்டைப் புரட்டினேன். போர்டில் எழுதிப் போட்டதெல்லாம் அச்சு அசலாக இருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு டிக். சரி என்று 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால் 2/5 என்கிறாள். அரை தோசையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறைந்துபோகுமா என்று கேட்டதும் பென்சிலைக் கடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வாரமாக இந்தப் பாடம்தான் நடந்திருக்கிறது! வயிறு எரிகிறது.

இதற்கு ஸ்மார்ட் போர்டெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு கணக்கைக் கொடுத்து, எல்லாரும் ரஃப் நோட்டில் பெரிதாக எழுதித் தூக்கிக் காட்டுங்கள் என்றால், எத்தனை பேர் 2/5 எழுதியிருக்கிறார்கள் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அப்புறம், கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுக்கவும் வேண்டும். ஆசிரியர்கள் பதிலுக்குச் சுமார் 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள், 3 விநாடி பொறுத்தாலே பிள்ளைகள் கூடுதலாகப் பேசுகிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே காட்டிவிட்டார்.

போர்ஷன் முடிக்கிற அவசரம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த 2/5-ஐயும் தூக்கிக்கொண்டுதானே என் மகள் ஏழாவதுக்குப் போகப்போகிறாள்?